பேர் வெட்டிய விசில்

எங்கள் பண்டகசாலைத் தெருவில் எல்லார் கைக்கும் கயிறு வந்த சாயங்காலம் நான் தோணிக்குத் தார்ப்பாய் தைத்துக்கொண்டிருந்தேன், எதிர்வீட்டு ரோசலின் கிரைண்டர் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள், சலூன் சண்முகவேல் ஒருவருக்கு ஒரு பக்க மீசையை மட்டும் எடுத்திருந்தார், குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் ஒருத்தி தலைமயிரை ஒருத்தி பிடிக்காத குறையாகக் கத்திக்கொண்டிருந்தார்கள், அந்த நேரம் பார்த்துக் கஸ்பார் அத்தான் மொட்டைமாடியில் நின்று ஒரு வெள்ளி விசிலை ஊத, சத்தம் கேட்ட அத்தனை பேர் கையிலும் ஒரு கயிறு வந்து உட்கார்ந்தது. கண்ணுக்குத் தெரியாத கயிறு. ஆனால் கயிறு என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. மணிக்கட்டுத் தடிமன், தார் வாடை, உப்புத்தண்ணீர் சொட்டச் சொட்டக் கடல் பக்கம் விறைத்து நின்றது. துறைமுகத்து ஊர்க்காரர்கள் கையில் ஈரக் கயிறு கிடைத்தால் என்ன செய்வார்கள்? இழுத்தோம்.

விசில் நின்றதும் கயிறு போய்விட்டது. உள்ளங்கை மட்டும் ஈரமாக இருந்தது. ரோசலின் விரலை நக்கிப் பார்த்து, "கடல்தண்ணிதான்" என்று யாருக்கும் இல்லாமல் பொதுவாகச் சொல்லிவிட்டு மறுபடி கிரைண்டரைக் கழுவப் போனாள். சண்முகவேல் மீதி மீசையை எடுத்தார். குழாயடிச் சண்டை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

கஸ்பார் அத்தான் என் அக்கா செரபினாவின் வீட்டுக்காரர். அவரைப் பற்றி நான் பேசினால் கொழுந்தியாள் கேலி என்று நினைப்பீர்கள். கேலிதான். ஆனால் அப்படியொரு கெட்டிக்காரரை இந்தத் தூத்துக்குடியில் நான் பார்த்ததில்லை, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டுக் கப்பல்களுக்குக் காய்கறி, முட்டை, அரிசி கொண்டுபோய்க் கொடுப்பது அவர் தொழில். அதே தொழில் செய்கிற மற்றவர்கள் கப்பலில் இருந்து சென்ட் பாட்டிலும் சிகரெட்டும் வாங்கி வருவார்கள், இவர் பழைய விசில் வாங்கி வருவார். ஒலிபெருக்கி வருவதற்கு முந்தின காலத்தில் பெரிய போர்க்கப்பல்களில் காற்றுக்கும் அலைக்கும் நடுவே மனுஷக் குரல் எடுபடாது என்பதால் சாரங்கு, அவர்கள் பாஷையில் போசன், விசில் ஊதித்தான் ஆட்களை வேலை வாங்குவாராம். பாயை ஏற்று என்றால் ஒரு ஊதல், கயிற்றை இழு என்றால் ஒரு ஊதல், போதும் நிறுத்து, சாப்பிட வா, வாயை மூடிக்கொண்டு படு, எல்லாவற்றுக்கும் தனித்தனி ஊதல். பார்க்க ஒன்றும் பெரிதாக இருக்காது. வளைந்த ஒரு சின்னக் குழல், நுனியில் நெல்லிக்காய் மாதிரி ஓர் உருண்டை, அடியில் ஒரு தகடு, சங்கிலி மாட்ட ஒரு வளையம். உருண்டைமேல் உள்ளங்கையை விரித்தால் தாழ்ந்த சத்தம், மூடினால் காதைத் துளைக்கிற சத்தம்.

அப்படிப்பட்ட விசில்கள் அவர் படுக்கையறைச் சுவர் முழுக்கத் தொங்கின. மாதா படத்துக்கு மட்டும் அக்கா போராடி ஓர் ஆணி வாங்கியிருந்தாள். புதிதாக ஒரு விசில் கைக்கு வந்தால் அத்தான் உடனே ஊதிவிட மாட்டார். கண்ணை மூடிக் கனம் பார்ப்பார். மோந்து பார்ப்பார். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் இடுக்குகிற பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு தகட்டில் அடித்திருக்கிற முத்திரைகளைப் பார்ப்பார். அம்புக்குறி இருந்தால் அரசாங்கச் சொத்து, சிங்கம் இருந்தால் சுத்த வெள்ளி, எழுத்து இருந்தால் அது வருஷம். அதற்கப்புறம் ஊதுவாயில் பல் பதிந்த தடம், பெருவிரல் பட்டுப் பட்டுத் தேய்ந்த தகடு, சங்கிலி ஆடி ஆடி ஒரு பக்கம் இளைத்துப்போன வளையம் எல்லாம் பார்த்துவிட்டு, "இதை ஊதுனவன் இடக்கைக்காரன், முன்பல்லு ஒண்ணு கெடையாது" என்று பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்வது போலச் சொல்வார். கொச்சியிலிருந்து ஒரு வியாபாரி பித்தளை விசில் கொண்டுவந்து, வெள்ளைக்காரன் காலத்துப் பழசு என்று அளந்தபோது, அத்தான் பெருவிரலால் ஒரு தேய் தேய்த்துவிட்டு, "பழசுதான். போன தீவாளிக்குப் பட்டறையில ஊத்துனது" என்று திருப்பிக் கொடுத்தார். அந்த வியாபாரி அப்புறம் எங்கள் தெருப்பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

பழசின்மேல் ஒரு கீறல் விழுந்தாலும் மனுஷனுக்கு உயிர் போய்விடும். ஒருதரம் அக்கா பாவம் பார்த்து ஒரு விசிலைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து வைத்தாள். அவர் இழவு வீட்டில் உட்காருகிற மாதிரி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லையாம், வயசாம். அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை, அக்காவும் சமைக்கவில்லை.

கயிறு கொண்டுவந்த அந்த வெள்ளி விசிலை ஒரு பிலிப்பைன்ஸ் சமையல்காரர் கொடுத்தார். எங்கள் ஊர் மக்ரூன் என்றால் அவருக்குப் பைத்தியம். அத்தான் கொடுத்த ஒரு டின் மக்ரூனை மடியில் வைத்துக்கொண்டு, நீல வெல்வெட் பெட்டியோடு விசிலை நீட்டிவிட்டார். அத்தான் வீட்டுக்கு வந்து கண்ணாடியை இடுக்கிப் பார்த்தார், தகட்டில் ஒரு நங்கூரம். "நங்கூரம்! ஏட்டி விக்டோரி, ஓடியா, நங்கூரம்!" என்று அவர் போட்ட கூச்சலில் நான் ஊசியைக் கையில் குத்திக்கொண்டேன். நங்கூரம் அடித்திருந்தால் அது கப்பலுடையதுதானே? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். கப்பல் இல்லாமல் நங்கூரத்தை நாங்கள் நினைத்ததே கிடையாது. வருஷத்து எழுத்தையும் நங்கூரத்தையும் வைத்து அத்தான் கணக்குப் போட்டு, ரொம்ப காலம் முந்தி மன்னார் கடலில் முங்கிப்போன ஒரு போர்க்கப்பலின் பேரைச் சொன்னார். அந்தப் பேர் என் வாய்க்குள் நுழையாது. பிறகு மாடிக்குப் போய் இழு என்கிற ஊதலை ஊதினார், கயிறு வந்தது. சுவரில் இருந்த மற்ற விசில்களுக்கு வராத கயிறு இதற்கு மட்டும் ஏன் வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வந்துவிட்டது, அதற்கு என்ன செய்ய?

மறுநாளும் ஊதினார், வந்தது. அதற்கடுத்த நாள் ஊதுவதற்கு முன்பே ஜனங்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார்கள். கொஞ்ச நாளில் சாயங்காலக் காப்பி மாதிரி கயிறு இழுப்பதும் தெருவுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. பங்குச்சாமியார் வந்து பார்த்தார், ஜெபமாலை நேரத்தோடு மோதாமல் கொஞ்சம் முன்னாலேயே ஊதச் சொன்னார், போகிற போக்கில் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானும் ஓர் இழு இழுத்தார். வார்டு கவுன்சிலர் திறப்பு விழா நடத்தியே தீருவேன் என்று ரிப்பனோடு வந்து, ரிப்பனை எதில் கட்டுவது என்று தெரியாமல் திரும்பிப் போனார். பக்கத்துத் தெரு பாய்மார்கள் தொழுகை முடித்துவிட்டு வந்து கை கொடுத்தார்கள், கருப்பட்டி மண்டி ஆட்கள் சாக்குத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு வந்தார்கள், மருந்துக்கடைக்காரர் உள்ளங்கைக் கொப்புளத்துக்கென்றே ஒரு களிம்பு வரவழைத்தார், பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை கயிறு இழுத்த லட்சணத்தைப் பார்த்துப் பெண் வீட்டார் காப்பி ஆறுவதற்குள் சம்மதம் சொன்னார்கள். சாக்கடைக் குழாய்த் தகராறில் ரோசலினுக்கும் எனக்கும் வருஷக்கணக்காய்ப் பேச்சு இல்லை, ஆனால் கயிற்றில் அவள் இடம் எனக்கு நேர் பின்னால் என்று எப்படியோ ஆகிவிட்டது, என் முதுகில் மூச்சு விட்டுக்கொண்டே பேசாமல் இழுப்பாள். சில நாள் கயிற்றோடு ஒரு நண்டு வரும். சில நாள் கப்பலடியில் பிடிக்கிற கொட்டலசுச் சிப்பி ஒட்டியிருந்து கையைக் கிழிக்கும். கடைசியில் வரப்போவது என்ன என்று தெரியாமலே அதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று சண்டை வந்தது, அதுதான் எங்கள் ஊர்.

மும்பையிலிருந்து பழைய விசில் சேர்க்கிறவர்களின் சங்கத் தலைவர் ஒருவர் விமானத்தில் வந்தார். விசிலை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்தார், கோட்டைக் கழற்றிவிட்டு எங்களோடு இழுத்தார், கடைசியில் கஸ்பார் அத்தானைக் கட்டிப்பிடித்து, உங்கள் படத்தை எங்கள் பத்திரிகையின் அட்டையில் போடுவேன் என்றார். அன்றைக்கு அத்தான் நடந்த நடையைப் பார்க்க வேண்டுமே, கால் தரையில் பாவவில்லை. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் கயிறு திடீரென்று கனத்தது. இழுக்க இழுக்க அது வரவில்லை, தெருதான் கடல் பக்கம் ஒரு முழம் நகர்ந்தது. அலமாரிப் பாத்திரங்கள் கீழே விழுந்து உருண்டன, கோயில் மணி தானாக ஒரு தட்டுத் தட்டியது. அத்தான் ஊதுவதை நிறுத்திவிட்டார். அப்போதுதான் எல்லோருக்கும் பயம் பிடித்தது. பீரங்கியோடு ஒரு போர்க்கப்பல் வந்து தெருவில் நின்றால் எங்கே நிறுத்துவது? அதில் செத்தவர்கள் இருப்பார்களே, அவர்களை எந்தக் கல்லறையில் வைப்பது? எல்லோரும் நம்மைப் போல வேதக்காரர்கள்தானா என்று யாரிடம் கேட்பது? ஊர்க்கூட்டம் போட்டார்கள், இனி ஊத வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். அத்தான் மறுபேச்சுப் பேசாமல் விசிலை வெல்வெட் பெட்டிக்குள் வைத்து மூடினார். அதற்கப்புறம் சாயங்காலமானால் தெருவில் எல்லோரும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடமாடினோம்.

என் வீட்டில் இடி விழுந்தது அதற்குப் பிறகுதான். எங்கள் வீட்டுக்காரர் இன்னாசி 'சலேத் மாதா' என்கிற தோணிக்குத் தண்டல்; தோணிக்குத் தலைவரை நாங்கள் தண்டல் என்றுதான் சொல்வோம். மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கலும் ஏற்றிக்கொண்டு போன இடத்தில் காற்று மாறிப் புயலாகிவிட்டது. மற்ற தோணிகள் எப்படியோ கரை பிடித்தன. இஞ்சின் நின்றுவிட்டது, தண்ணீர் ஏறுகிறது என்று வயர்லெஸ்ஸில் அவர் குரல் கடைசியாகக் கேட்டதாகப் பின்னால் வந்த தோணிக்காரர்கள் சொன்னார்கள். தேடிக்கிட்டுத்தான் இருக்கோம், பொறுமையா இருங்கம்மா என்றார்கள் அதிகாரிகள். பொறுமையாகத்தான் இருந்தேன். அப்புறம் வீட்டுக்கு வருகிறவர்கள் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்கள். எனக்கு வந்ததே பாருங்கள் ஓர் ஆத்திரம், இழவு வீட்டுக் குரலில் என் வீட்டுக்குள் ஒருத்தரும் பேசக்கூடாது என்று அத்தனை பேரையும் விரட்டிவிட்டு, காலில் செருப்புக்கூட இல்லாமல் அக்கா வீட்டுக்கு நடந்தேன்.

அத்தான் அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தார். சகலை இன்னாசி என்றால் அவருக்கு உயிர்.

"ஊதுங்க அத்தான்" என்றேன்.

"ஊதத் தெரியாமலா இருக்கேன் விக்டோரி? அந்தக் கயிறு போர்க்கப்பல்ல கெட்டிக் கெடக்கு. இழுத்தா அதுதான் வரும். இன்னாசி எப்படி வருவான்?"

"எதுல கெட்டிக் கெடக்குன்னு நீங்க முங்கிப் போய்ப் பாத்தீயளா?"

"நங்கூரம் அடிச்சிருக்குல்லாட்டி?"

அக்கா எனக்குக் காப்பி ஆற்றிக்கொண்டு வந்தாள். சீனி கலக்குவதற்குக் கையில் ஒரு பழைய வெள்ளி ஸ்பூன், தலைப்பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு எங்கள் பெரியப்பா கொடுத்தது. அவர் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் வேலை பார்த்தவர். காப்பியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அந்த ஸ்பூனைப் பிடுங்கி எறியப் போனேன். எறியவில்லை. காம்பில் என் பெருவிரலுக்கு என்னமோ நெருடியது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"இந்தா, இதுலயும் நங்கூரம் இருக்கு. இந்த ஸ்பூனும் சண்டைக்குப் போயி முங்கிச்சா? இதை ஊதுனா என்ன வரும், கஞ்சியா?"

அக்கா வாயில் கை வைத்தாள். அத்தான் ஸ்பூனை வாங்கிக் கண்ணாடியை இடுக்கினார். வெல்வெட் பெட்டியைத் திறந்து விசிலையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே சிங்கம், அதே நங்கூரம். மனுஷன் முகம் செத்துப்போனது. ஆனால் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஊதுவாயைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார், வளையத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், முதல் நாளே பார்த்திருக்க வேண்டியதையெல்லாம் அப்போதுதான் பார்த்தார்.

"நங்கூரம் கப்பல் முத்திரை இல்லட்டி" என்றார். "வெள்ளியச் சோதிச்சுப் பாக்குற ஊரோட முத்திரை. பர்மிங்காம்னு இங்கிலாந்துல ஒரு ஊரு. அந்த ஊருல கடலே கெடையாது. நான் புத்தகத்துல படிச்சிருக்கேன். படிச்சதை வேணும்னே மறந்திருக்கேன். எனக்குக் கப்பல் வேணும்னு அவ்வளவு ஆசை."

"அப்ப இது எந்தக் கப்பலோடது?"

"ஒரு கப்பலோடதும் இல்ல. பாரு, ஒரு பல்லுத்தடம் இருக்கா? தகடு தேஞ்சிருக்கா? யாருக்கோ பரிசாக் குடுத்திருக்காங்க, அவன் பெட்டிக்குள்ளயே வச்சிட்டுச் செத்துட்டான். கடலையே பாக்காத விசில் இது. அன்னைக்குக் கயிறு ஏதோ பாறையில சிக்கியிருக்கு. வேற ஒண்ணுமில்ல. எதுலயும் கெட்டாத கயிறு."

எதிலும் கட்டாத கயிறு என்று அவர் சொன்ன உடனே எனக்கு ஆத்திரம் அடங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குச் சீர் கொடுக்கிற குடத்திலிருந்து தம்ளர் வரைக்கும் பேர் வெட்டாமல் வீட்டுக்கு வராது. விசேஷ வீட்டுக்கு அண்டா இரவல் போகும், அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும், எவள் வீட்டுப் பரணிலோ கிடக்கும், ஆனால் ஒருநாள் யாராவது கழுவும்போது பேரைப் பார்த்து, இது விக்டோரி வீட்டு அண்டால்லா என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். பேர் இல்லாத பாத்திரம் யாருடையதும் இல்லை. பேர் வெட்டிவிட்டால் அப்புறம் அதில் பேச்சே கிடையாது.

"அப்ப இதுல பேரு வெட்டுங்க அத்தான். சலேத் மாதான்னு வெட்டுங்க. யாரோடதும் இல்லன்னா இனிமே எங்களோடது."

அக்கா பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தாள். புளி போட்டதற்குச் சோறு தின்னாத மனுஷன், ஒரு கீறலுக்கு உயிரை விடுகிறவர், விசிலோ மும்பை வரைக்கும் பேர் வாங்கிய பொருள். அந்த நேரம் அவர், யோசிக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஜென்மத்துக்கும் நான் அவரை மன்னித்திருக்க மாட்டேன். அவர் எழுந்து சட்டையை மாட்டினார்.

"பால்வண்ணன் கடை தொறந்திருக்குமா?" என்று கேட்டார்.

பால்வண்ணன் அண்ணாச்சி பாத்திரக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கிர்ரென்று அதிர்கிற மின்சார ஊசியால் குடத்திலும் தூக்குவாளியிலும் பேர் வெட்டுகிறவர். விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எடம் பத்தாதே. முன்னால சிலுவை போடணுமா? அன்பளிப்புன்னு போடவா?" என்றார். "சலேத் மாதா, தூத்துக்குடி. அது போதும்" என்றார் அத்தான். ஊசி பட்டு அதிராமல் இருக்கத் தன் கையாலேயே விசிலைக் கல்லின்மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஊசி புள்ளி புள்ளியாய் இறங்க இறங்க அவர் கண்ணிமை துடித்ததை நான் பார்த்தேன். கையை எடுக்கவில்லை. தூக்குவாளியில் வெட்டுகிற அதே எழுத்து, தா கொஞ்சம் கோணல்.

அங்கே கடை வாசலிலேயே நின்று மும்பைக்குப் போன் போட்டார். நான் சொன்னது தப்பு, அது கடலுக்கே போகாத விசில், இப்போது அதில் பேரும் வெட்டிவிட்டேன் என்று சொன்னார். அந்தப் பக்கம் என்னமோ இரைச்சலாகக் கேட்டது, அப்புறம் கட்டாகிவிட்டது. தெருவுக்கு வந்து குழாயடிப் பக்கம் நின்று, "நங்கூரத்தைப் பாத்து ஏமாந்துட்டேன், கப்பல் ஒண்ணும் இல்ல, எல்லாரும் என்னை மன்னிச்சிக்கிடுங்க, நாளைக்கு இன்னாசி தோணிய இழுக்கணும், வாங்க" என்று கும்பிட்டார். ஓர் ஆம்பிளை நாலு பேர் முன்னால் நான் சொன்னது தப்பு என்று சொன்னதை எங்கள் தெருப் பெண்கள் கயிறு வந்ததைவிடப் பெரிய அதிசயமாகப் பார்த்தார்கள். கூட்டத்திலிருந்து சண்முகவேல்தான் முதலில் வாய் திறந்தார். "நங்கூரத்தைப் பாத்தா எவனும் கப்பல்னுதான் நெனைப்பான், விடும் ஓய். காலையில எத்தனை மணிக்கு?"

காலைப் பூசை முடிந்ததும் அத்தான் மாடியில் ஏறி ஊதினார். கயிறு வந்தது, முதலில் தொளதொளவென்று, பிடிக்க ஒன்றும் இல்லாதது போல. இழுத்தோம், இழுக்க இழுக்கத் தண்ணீர்தான் வந்தது, பிறகு மெதுவாக அந்தக் கடைசியில் என்னமோ ஒன்று கயிற்றைப் பிடித்துக்கொண்டது. பாறை மாதிரி இல்லை. அசைந்தது. கயிற்றில் தார் வாடை போய் டீசல் வாடை வந்தது, அழுகின வெங்காயத்தின் வாடை வந்தது. "மாட்டிட்டு!" என்று நான் கத்தினேன்.

அன்றைக்கு இழுத்தவர்களைச் சொல்லி முடியாது. வேண்டாம் என்று ஊர்க்கூட்டத்தில் கை தூக்கினவர்கள் முதல் ஆளாக இழுத்தார்கள், பங்குச்சாமியார் இழுத்தார், கவுன்சிலர் வேட்டி அவிழ்வது தெரியாமல் இழுத்தார், பாய்மார்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் இழுத்தார்கள், கருப்பட்டி மண்டி முழுக்க வந்து இழுத்தது, தெருமுனையில் வழியில்லாமல் நின்ற பஸ்ஸிலிருந்து திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் இறங்கி யாருக்கு என்று கேட்காமல் இழுத்தார்கள், டிரைவரும் இழுத்தார். இழுத்த கயிறு எங்கள் பின்னால் சுருள் சுருளாகக் குவிந்து, கண்ணுக்குத் தெரியாமலே தெருவை அடைத்து நின்றது, டீ கொண்டுவந்தவர்கள் அதில் ஏறி இறங்கி வந்தார்கள். ரோசலின் என் காதுக்குள், "விடாத விக்டோரி, விடாத, நான் பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள், வருஷக்கணக்காய்ப் பேசாததையெல்லாம் சேர்த்துப் பேசுகிறவள் போல.

மேலே அத்தான் நிறுத்தவே இல்லை. நிறுத்தினால் கயிறு போய்விடும், போனால் அந்தத் தோணி எங்கே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் மூச்சு வாங்குகிற அந்த ஒரு கணம் கயிறு கையில் மெலியும், எங்கள் உயிரும் சேர்ந்து மெலியும், மறுபடி ஊதல் எழும்பும்போது இரண்டும் திரும்பி வரும். இந்த ஊதல் வேறு யாருக்கும் ஊத வராது, மாற்றாள் கிடையாது. அக்கா குடை பிடித்துக்கொண்டு நின்றாள், அவர் உதடு வெடித்து ரத்தம் வந்ததை முந்தானையால் துடைத்தாள், ஆனால் "போதும்ங்க" என்று மட்டும் அவள் சொல்லவே இல்லை. என் அக்கா அப்படிப்பட்டவள்.

வெயில் தாழ்கிற நேரத்தில் மாடியிலிருந்து அக்காவின் குரல் கேட்டது. "தோணி! தோணி வருது!" இஞ்சின் சத்தம் இல்லை, பாய் கிழிந்து தொங்குகிறது, காற்று எதிர்க்காற்று, விளிம்பு வரைக்கும் தண்ணீர் நிற்கிறது, ஆனாலும் யாரோ மூக்கணாங்கயிறு பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிற மாடு மாதிரி சலேத் மாதா நேராகத் துறைக்குள் வந்தாள். தோணி கரையில் இடித்ததும் அத்தான் ஊதலை நிறுத்தினார். எல்லார் கையிலிருந்தும் கயிறு போனது. என் கையிலிருந்து மட்டும் போகவில்லை.

போன ஆட்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஒவ்வொருத்தராக இறங்கித் தரையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார்கள். தண்டல்தான் கடைசியில் இறங்க வேண்டும், அதுதான் முறை. அதற்குள் அத்தான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார், சட்டையெல்லாம் ரத்தப்புள்ளி, மறுபடியும் விசிலை வாயில் வைத்தார்.

"இன்னும் என்னத்துக்கு அத்தான்?"

"இது வேற ஊதல். கப்பலுக்குத் தலைவன் வந்து ஏறும்போது ஊதுறது. ராஜாவுக்கும் அட்மிரலுக்கும் ஊதுவாங்க."

"அவுக இறங்கில்லா வாராக?"

"நம்மகிட்ட ஏறுதான்ட்டி" என்றார்.

ஊதினார். தாழ எழும்பி, மேலே போய், அங்கேயே வெகுநேரம் நின்று, மெதுவாக இறங்குகிற ஊதல். யாரும் சொல்லாமலே அத்தனை ஜனமும் நிமிர்ந்து நின்றது, பால்வண்ணன் அண்ணாச்சி தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். தாடியும் உப்புப் பூத்த உதடும் கிழிந்த கைலியுமாகப் பலகையில் கால் வைத்த என் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார். யாரோ பெரிய மனுஷர் வருகிறார், தான் வழியில் நிற்கிறோம் என்று நினைத்து ஒதுங்கிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை, கடல்தான் இருந்தது. அப்புறம்தான் அவருக்குப் புரிந்தது, அப்படி அழுது நான் அவரைப் பார்த்ததே கிடையாது.

நான் தண்ணீருக்குள் இறங்கி அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் கயிற்றை விட்டேன்.